டிலெபாஸ் தன்பா டிபெபாஸ்கான்: இதைத் தமிழில் ‘விடுதலை’ என்று சொல்லலாமா?

செந்தூல்காரன்:

வணக்கம். சட்டம் தெரிந்தவர்களும் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

என் அக்கா மகன் மேல் ஒரு வழக்கு இருந்தது. செஷன்ஸ் கோர்ட்டில் போன வாரம் எடுத்தார்கள். லாயர் வெளியே வந்து, “லெபாஸ் ஆகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் விடுதலை ஆகிவிட்டான் என்று போன் போட்டுச் சொல்லிவிட்டோம்.

நேற்றுதான் உத்தரவின் நகல் கைக்கு வந்தது. அதில் ‘டிலெபாஸ் தன்பா டிபெபாஸ்கான்’ என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த மலாயில் லெபாஸ் என்றாலும் விடுவது, பெபாஸ் என்றாலும் விடுவதுதான். பெபாஸ் இல்லாமல் லெபாஸ் என்றால் என்ன? லாயருக்கு அடித்தால் போனை எடுக்கவில்லை. பையன் சிங்கப்பூர் வேலைக்கு மனு போடப் போகிறான். படிவத்தில் வழக்கு பற்றிக் கேள்வி இருக்கிறது, என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறான். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பிறை மலர்:

அண்ணே, நகலைப் பத்திரமாக வையுங்கள். குற்றப் பத்திரிகை, ஜாமீன் ரசீது, ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். இதற்கு ஆங்கிலச் சுருக்கம் டிஎன்ஏஏ (DNAA), அதாவது முழு விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு. வழக்கு இப்போதைக்கு நின்றிருக்கிறது. அதே குற்றச்சாட்டை மறுபடியும் கொண்டுவர முடியும்.

செந்தூல்காரன்:

மறுபடியுமா? அப்படியானால் ஏன் விட்டார்கள்?

கேஎல் வழக்கறிஞர்:

கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 254-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தீர்ப்பு சொல்லும் வரைக்கும் எந்தக் கட்டத்திலும், இந்தக் குற்றச்சாட்டை இனி நடத்தப் போவதில்லை என்று அரசு தரப்பு நீதிமன்றத்தில் சொல்லலாம். சொல்லிவிட்டால் நடவடிக்கை நின்றுவிடும், குற்றம் சாட்டப்பட்டவரை அதிலிருந்து விடுவித்தாக வேண்டும். நடத்து என்று நீதிபதி வற்புறுத்த முடியாது. ஏனென்றால் வழக்குத் தொடுப்பதும் நடத்துவதும் நிறுத்துவதும் கூட்டரசு அரசியலமைப்பின் 145(3) பிரிவின்படி சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம்.

நீதிபதியின் கையில் இருப்பது அடுத்த கேள்வி. விடுவிப்பது சரி, எந்த மாதிரி விடுவிப்பது? அதே 254-ன் மூன்றாம் உட்பிரிவு இப்படிப் போகிறது: இந்த விடுவிப்பு முழு விடுதலைக்குச் சமமாகாது, நீதிமன்றம் அப்படி உத்தரவிட்டால் தவிர. அதாவது யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் தானாகவே ‘தன்பா டிபெபாஸ்கான்’ ஆகிவிடும். முழு விடுதலை வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞர் அங்கேயே, அப்போதே எழுந்து கேட்க வேண்டும். கேட்டால் அரசு தரப்பு ஏன் நிறுத்துகிறது என்று நீதிபதி விசாரிப்பார். சாட்சியைத் தேடிக்கொண்டிருக்கிறோம், கிமியா (வேதியியல் சோதனை) அறிக்கை வரவில்லை, அது வந்ததும் மறுபடி போடுவோம் என்று காரணம் சொன்னால் டிஎன்ஏஏ கிடைக்கும். போதைப்பொருள் வழக்குகளில் இது அடிக்கடி நடக்கும். காரணமே சொல்லாமல் நிறுத்துகிறார்கள், திரும்ப எடுக்கும் எண்ணமும் தெரியவில்லை என்றால் முழு விடுதலை கேட்க நல்ல இடம் இருக்கிறது. ஒருவர் தலைக்கு மேல் குற்றச்சாட்டைக் காலவரையில்லாமல் தொங்கவிடக் கூடாது என்று நம் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரியது. முழுதாக விடுதலையான ஒருவரை அதே குற்றத்துக்கு இரண்டாம் முறை விசாரிக்க முடியாது. அரசியலமைப்பின் 7(2) பிரிவு அவரைக் காக்கிறது. மேல் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டால்தான் உண்டு. டிஎன்ஏஏ வாங்கியவருக்கு அந்தக் காப்பு கிடையாது. நடைமுறைச் சட்டத்தின் 302-வது பிரிவு விளக்கத்திலேயே, வெறும் விடுவிப்பு விடுதலை ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடத்துக்குள் மறுபடி போட வேண்டும் என்ற கெடுவும் சட்டத்தில் இல்லை.

இன்னொன்று. விசாரணையில் சாட்சிகள் ஏற்கெனவே பேசியிருந்தால், மறுபடி குற்றம் சாட்டும்போது 254A பிரிவின்படி வழக்கு விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

உங்கள் அக்கா மகன் வழக்கில் சாட்சி யாராவது கூண்டில் ஏறினார்களா?

செந்தூல்காரன்:

இல்லை சார். தேதி மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சாட்சியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கடைசியில் அவர்களே நிறுத்திவிட்டார்கள். எங்கள் லாயர் எழுந்து ஏதும் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் மலாயில் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

தஞ்சாவூரான்:

நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பங்சாரில் வேலை பார்ப்பவன். எங்கள் ஊர் வழக்கத்தை வைத்துச் சொன்னால், இது விடுதலைதான். அரசு வழக்கைத் திரும்பப் பெற்றால் முடிந்தது. பிறகு ஏன் குழப்பம்? தமிழில் விடுதலை என்ற சொல்லே விடுவதிலிருந்து வந்ததுதானே? விட்டார்கள் என்றால் விடுதலை. வக்கீல்களின் நுணுக்கத்தை எல்லாம் சாதாரண ஜனங்கள் தலையில் ஏற்றக் கூடாது என்பது என் கருத்து.

கேஎல் வழக்கறிஞர்:

தஞ்சாவூர் சார், உங்கள் ஊர்ச் சட்டமும் எங்கள் ஊர்ச் சட்டமும் ஒரே பிரிட்டிஷ் வேரிலிருந்து வந்தவை, ஆனால் இந்த இடத்தில் பிரிந்துவிட்டன. இந்தியாவின் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 321-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். குற்றச்சாட்டு வனையும் முன்பு திரும்பப் பெற்றால் விடுவிப்பு. வனைந்த பின்பு திரும்பப் பெற்றால் விடுதலை. அங்கே கட்டத்தைப் பொறுத்துத் தானாகவே விடுதலை ஆகிறது. இங்கே எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும், நீதிமன்றம் வாய் திறந்து சொன்னால்தான் விடுதலை. சென்னையிலிருந்து வரும் செய்தியில் ‘வழக்கு வாபஸ், விடுதலை’ என்று படித்துப் பழகியவர்கள் இங்கே அதையே பொருத்திப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஜுருபாசா:

எல்லாருக்கும் வணக்கம். நான் பினாங்கில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். லெபோ லைட் கோர்ட்டிலும் இருந்தேன், பட்டர்வொர்த்திலும் இருந்தேன். இந்த ஒரு வரியைத் தமிழில் சொல்வதுதான் என் வேலையிலேயே எனக்கு மிக முக்கியமாகப்பட்டது. ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

கூண்டில் நிற்பவருக்குக் குற்றச்சாட்டை வாசித்துப் புரியவைப்பதை எல்லாரும் கவனிப்பார்கள். ‘புரிகிறதா’ என்று நீதிபதியும் கேட்பார். ஆனால் விடுவிக்கும்போது யாரும் அவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டார்கள். அரசு தரப்பு எழுந்து 254 என்று சொல்லும், நீதிபதி தலையை ஆட்டி எழுதுவார், அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். கூண்டில் இருப்பவர் என் முகத்தைப் பார்ப்பார். அந்த ஒரு நிமிஷத்தில் நான் ஒரே சொல்லில் ‘விடுதலை’ என்று முடித்திருக்கலாம். அவரும் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

நான் அப்படிச் செய்ததில்லை. இப்படித்தான் சொல்வேன்: “இந்தக் கேஸை இப்போது நடத்தப் போவதில்லை என்று சொல்கிறார்கள். அதனால் உங்களை விடுகிறார்கள். நீங்கள் குற்றம் செய்யவில்லை என்று தீர்ப்பு வரவில்லை. செய்தீர்கள் என்றும் வரவில்லை. பின்னால் இதே கேஸை மறுபடி கொண்டுவரலாம். உங்கள் ஜாமீன் முடிந்தது. வெளியே போய் லாயரிடம் விவரம் கேளுங்கள்.” இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகும். சில நேரம் கோர்ட் அவசரப்படும். இருந்தாலும் முழுதாகச் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

தஞ்சாவூர் தம்பி சொன்ன வேர்ச்சொல் சரிதான். ஆனால் சட்டத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் வேரிலிருந்து வருவதில்லை, எதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்பதிலிருந்து வருகிறது. மலாயிலும் லெபாஸ், பெபாஸ் இரண்டும் வீட்டுப் பேச்சில் ஏறக்குறைய ஒன்றுதான். கோர்ட்டில்தான் ஒன்றை இதற்கும் மற்றதை அதற்கும் என்று வைத்துக்கொண்டார்கள். ‘டிலெபாஸ் டான் டிபெபாஸ்கான்’ என்றால் இரண்டும் கிடைத்தது, முழுசாக முடிந்தது. நாங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் தமிழிலும் அதேபோல் வைத்துக்கொண்டோம். லெபாஸ் விடுவிப்பு, பெபாஸ் விடுதலை. இரண்டும் தமிழில் ஏற்கெனவே இருக்கிற சொற்கள். தமிழ்நாட்டு நீதிமன்றத் தமிழிலும் இந்தப் பிரிவினை உண்டு.

ஆனால் தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்களுக்கு இந்தப் பிரிவினை புரியாது. அவர்களிடம் சொல்லை நம்பி விட்டுவிட முடியாது, விளக்கித்தான் ஆக வேண்டும்.

பிறை மலர்:

ஐயா, நீங்கள் இருந்த கோர்ட்டுக்கு என் தாத்தாவும் ஒருமுறை போயிருக்கிறார். அவர் கடைசி வரை ‘கேஸ் தள்ளுபடி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது எதில் சேரும்?

ஓய்வுபெற்ற ஜுருபாசா:

அதுவும் பழக்கத்தில் இருக்கிறதம்மா. தள்ளுபடி என்பது நீதிமன்றம் ஒரு மனுவையோ முறையீட்டையோ ஏற்காமல் தள்ளுவது. இங்கே நீதிமன்றம் எதையும் தள்ளவில்லை, வழக்குப் போட்டவர்களே பின்வாங்கினார்கள். உங்கள் தாத்தாவுக்கு எது நடந்தது என்பதை உத்தரவைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

கெப்போங் அம்மா:

நான் இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் மகனுக்கும் இதே உத்தரவுதான் வந்தது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் கொஞ்சம் சட்டம் தெரிந்தவர். அவர் எல்லாரிடமும் ‘அந்தப் பையன் முழுசா விடுதலை ஆகவில்லை’ என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என் மகன் கோயில் திருவிழா வேலைக்குக் கூட முன்னால் வருவதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அதையே கேட்டார்கள். நீங்கள் எல்லாரும் சரியான சொல் சரியான சொல் என்கிறீர்கள். ‘விடுதலை அல்ல’ என்று சொன்னால் ஊர் என்ன புரிந்துகொள்ளும்? குற்றம் செய்தவன், எப்படியோ வெளியே வந்துவிட்டான் என்றுதான் புரிந்துகொள்ளும். அவன் மேல் எதுவுமே நிரூபணம் ஆகவில்லை. ஒரு சாட்சி கூட வரவில்லை. அப்படிப்பட்டவனுக்கு விடுதலை என்ற சொல்லைக் கொடுக்கக் கூடாதா?

தஞ்சாவூரான்:

அம்மா சொல்வதைத்தான் நான் வேறு விதமாகச் சொல்ல வந்தேன்.

கேஎல் வழக்கறிஞர்:

அம்மா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

குற்றவாளி, நிரபராதி, நடுவில் டிஎன்ஏஏ வாங்கியவர் என்று சட்டம் மனிதர்களை மூன்றாகப் பிரிப்பதில்லை. குற்றம் நிரூபணம் ஆகும் வரை எல்லாரும் நிரபராதிகள்தான். உங்கள் மகன் வழக்கில் நிரூபணமே தொடங்கவில்லை. இன்றைக்கு அவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவர் குற்றம் சாட்டப்பட்டவர் கூட இல்லை. நீங்களும் நானும் எப்படியோ அவரும் அப்படித்தான். டிஎன்ஏஏ என்பது அரசு தரப்பின் கதவு சாத்தப்படவில்லை என்பதைப் பற்றிய உத்தரவு. உங்கள் மகனின் நடத்தையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே தாமானில் பேசும் அந்த மனிதரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது, ‘என் மகன் குற்றமற்றவன், அவன் மேல் வழக்கு எதுவும் இல்லை’ என்பது. அது முழு உண்மை. அதற்கு விடுதலை என்ற சொல் தேவையே இல்லை. ஆனால் வீட்டுக்குள், உங்களுக்கும் அவருக்கும், இன்னும் ஒரு வேலை பாக்கி என்பது தெரிந்திருக்க வேண்டும். விடுதலை என்று நினைத்துக்கொண்டு குற்றப் பத்திரிகையைத் தொலைத்தவர்களையும், தங்கள் பக்கத்து சாட்சியின் முகவரியைக் கூட வாங்கி வைக்காதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மறுபடி சம்மன் வரும்போது அவர்கள் கையில் ஒன்றும் இருப்பதில்லை. அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

கெப்போங் அம்மா:

‘அவன் மேல் வழக்கு எதுவும் இல்லை.’ இதை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன். நன்றி தம்பி.

மட்டுறுத்துநர்:

யாரும் குற்றம் சாட்டப்பட்டவர் பெயர், வழக்கு எண், ஐசி (அடையாள அட்டை) எண் போட வேண்டாம். இரண்டு பதிவுகளிலிருந்து நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

பழைய நிருபர்:

நான் ஒரு தமிழ் நாளிதழில் நீதிமன்றச் செய்தி எழுதியவன். எந்த நாளிதழ் என்பது வேண்டாம். தலைப்பில் ஏன் ‘விடுதலை’ விழுகிறது என்று சொல்கிறேன். செய்தி மலாயில் அல்லது ஆங்கிலத்தில் வரும், ராத்திரி பக்கம் முடிக்க வேண்டும், தலைப்புக்கு ஒரு சிறிய இடம்தான். விடுதலை நான்கு எழுத்தில் முடிந்துவிடும், வாசகருக்கும் உடனே புரியும். சிலர் கவனமாக இருக்க வேண்டும் என்று ‘நிபந்தனையுடன் விடுதலை’ என்று போட்டார்கள். அது இன்னும் மோசம். டிஎன்ஏஏவில் நிபந்தனை எதுவுமே கிடையாது. கையெழுத்துப் போடப் போக வேண்டியதில்லை, ஜாமீன் கிடையாது, ஒன்றும் கிடையாது. ‘தற்காலிக விடுதலை’ என்றும் பார்த்திருக்கிறேன். அதுவும் தவறு. சிறையிலிருந்து கொஞ்ச நாள் வெளியே விட்டது போல் ஆகிவிடுகிறது.

பெரிய வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2019 மார்ச் 11, ஷா ஆலாம் உயர் நீதிமன்றம். வட கொரியத் தலைவரின் அண்ணன் கிம் ஜோங் நாம் கொலை வழக்கில் இந்தோனேசியப் பெண் சித்தி ஆயிஷா. அரசு தரப்பு திடீரென்று நிறுத்தியது. முழு விடுதலை வேண்டும் என்று அவர் வழக்கறிஞர் கேட்டார், நீதிபதி கொடுக்கவில்லை. டிஎன்ஏஏதான். அன்றைக்கே அவர் ஜாகர்த்தா போய்ச் சேர்ந்துவிட்டார். உலகம் முழுக்க ‘விடுதலை’ என்று செய்தி. நடந்தது விடுவிப்பு.

2023 செப்டம்பர் 4, கோலாலம்பூர் உயர் நீதிமன்றம். துணைப் பிரதமர் ஸாஹிட் ஹமிடி மீதான யாயாசான் அக்கால்புடி அறக்கட்டளை வழக்கு, 47 குற்றச்சாட்டுகள். எதிர்வாதம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அரசு தரப்பு நிறுத்தக் கேட்டது. டிஎன்ஏஏ. காப்பிக்கடைகளில் எல்லாம் இந்த நாலு எழுத்து பேசப்பட்டது அப்போதிருந்துதான். 2024 நவம்பர் 27, அதே கோலாலம்பூர் உயர் நீதிமன்றம். முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கும் நிதியமைச்சின் முன்னாள் தலைமைச் செயலாளர் இர்வான் செரிகாரும் குற்றம் சாட்டப்பட்ட 660 கோடி ரிங்கிட் வழக்கு. அரசு தரப்பு கொடுக்க வேண்டிய ஆவணங்களைக் கொடுத்து முடிக்கவில்லை என்பதால் டிஎன்ஏஏ. நஜிப் வேறொரு வழக்கின் தண்டனையில் காஜாங் சிறையில் இருந்தார். வழக்கில் விடுவிப்பு, ஆனால் ஆள் வெளியே வரவில்லை. அதற்கு ‘விடுதலை’ என்று தலைப்புப் போட்டால் வாசகர் என்ன நினைப்பார்?

ஓய்வுபெற்ற ஜுருபாசா:

நிருபர் சொன்ன வரிசையில் எங்கள் பினாங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 3, பினாங்கின் முன்னாள் முதலமைச்சர் லிம் குவான் எங் மீதான பங்களா வழக்கு. அங்கேயும் அரசு தரப்பு நடத்தப் போவதில்லை என்றது. ஆனால் பினாங்கு உயர் நீதிமன்ற நீதிபதி முழு விடுதலை கொடுத்தார். சித்தி ஆயிஷா, ஸாஹிட், லிம் மூன்று வழக்கிலும் நிறுத்தியது அரசு தரப்புதான், முடிவு மட்டும் வேறு. சித்தி ஆயிஷா வழக்கில் அரசு தரப்பின் சாட்சியங்கள் முடிந்து, எதிர்வாதம் செய்ய முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதி ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஸாஹிட் வழக்கிலும் அப்படித்தான். முகாந்திரம் இருக்கிறது என்று சொன்ன பிறகு முழு விடுதலை கொடுக்க நீதிமன்றம் தயங்கும். செந்தூல் தம்பி வழக்கில் சாட்சியே ஏறவில்லை. ஆகவே கேட்க இடம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் பையன்:

எனக்கு ஒரு சந்தேகம். போலீஸ் லாக்கப்பிலிருந்து விட்டாலும் நாங்கள் ‘ரிலீஸ்’ என்கிறோம், ‘லெபாஸ்’ என்கிறோம். அதுவும் டிஎன்ஏஏவா?

கேஎல் வழக்கறிஞர்:

இல்லை தம்பி. அங்கே குற்றச்சாட்டே இன்னும் இல்லை. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 117-வது பிரிவின்படி, 14 வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை தடுப்புக் காவல். அதற்கு மேற்பட்ட குற்றம் என்றால் 7, பிறகு 7. அது முடிந்து வெளியே விட்டால், விசாரணை தொடரலாம், தொடராமலும் போகலாம். நீதிமன்றம் எந்த முடிவும் எடுக்கவில்லை. போலீஸ் ஜாமீனில் விட்டிருந்தால் சொன்ன தேதியில் போக வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

சில நேரம் கோர்ட்டில் டிஎன்ஏஏ வாங்கி வெளியே வருகிற இடத்திலேயே மறுபடி பிடித்துக்கொண்டு போவதும் உண்டு. போதைப்பொருள் வழக்கு என்றால் 1985 தடுப்புச் சட்டத்தில் விசாரணைக்காக 60 நாள் வரை வைக்கலாம். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின் 30-வது பிரிவு இன்னும் கடுமை. விசாரணை நீதிமன்றம் முழு விடுதலையே கொடுத்தாலும், மேல்முறையீடு முடியும் வரை காவலில் வைக்க அரசு தரப்பு கேட்க அது வழி விடுகிறது. இதெல்லாம் நம் ஆட்கள் நிறையப் பேர் நேரில் பட்டது.

பழைய நிருபர்:

அதோடு, நீதிமன்றமே இல்லாமல் வைத்து, நீதிமன்றமே இல்லாமல் விடுவதும் இருந்தது. 2007 டிசம்பரில் இந்து உரிமை இயக்கமான இண்ட்ராப்பின் தலைவர்கள் ஐந்து பேரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமில் வைத்தார்கள். 2009-ல் விட்டார்கள். விசாரணையே நடக்காதபோது எதிலிருந்து விடுதலை? அன்றைக்கு மக்கள் ‘விடுதலை’ என்று சொன்னது தவறில்லை என்று நினைக்கிறேன், அது சட்டத்தின் சொல் அல்ல, மக்களின் சொல். ஆனால் கோர்ட் செய்தியில் அதே சொல்லைப் போடும்போது வாசகர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். இந்த இடத்தில்தான் எழுதுகிறவருக்குப் பொறுப்பு வருகிறது.

மன்னிப்பும் அப்படித்தான். 2018 மே 16 அன்வார் இப்ராஹிமுக்கு மாமன்னர் முழு மன்னிப்பு வழங்கினார். அதைப் ‘பொது மன்னிப்பு’ என்று எழுதினார்கள். பொது மன்னிப்பு என்பது ஒரு கூட்டத்துக்கே அறிவிப்பது, ஆவணமில்லாத தொழிலாளர்களுக்கு அறிவிப்பது போல. ஒருவருக்கு அரசர் கொடுப்பது அரச மன்னிப்பு.

தஞ்சாவூரான்:

சரி, சட்டத்தில் இரண்டு சொல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் விடுவிப்பு, விடுதலை என்று இவ்வளவு நெருக்கமான இரண்டு சொல்லை வைத்தால் சாதாரண வாசகருக்குத் தெரியாது. ‘வழக்கு நிறுத்தம்’ என்று போட்டால் என்ன? நடந்தது அதுதானே.

பழைய நிருபர்:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. தலைப்புக்கும் அடங்கும். ‘வழக்கு நிறுத்தம், மீண்டும் தொடரலாம்.’ படித்ததுமே புரியும். விடுவிப்பு என்ற சொல் உள்ளே, செய்தியில் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஜுருபாசா:

செய்தித் தலைப்புக்கு நல்ல யோசனை. கூண்டில் நிற்பவருக்கு ‘உங்களை விடுகிறார்கள்’ என்று சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். வழக்கு நிறுத்தம் என்று மட்டும் சொன்னால் தன்னை உள்ளேயே வைத்திருக்கப் போகிறார்கள் என்று பயந்துவிடுவார்.

பிறை மலர்:

நன்னடத்தை ஜாமீனில் விடுவார்களே, அது எதில் சேரும்? என் கூட வேலை செய்யும் ஒருவர் அதையும் விடுதலை என்கிறார்.

கேஎல் வழக்கறிஞர்:

அது வேறு வகை. 294-வது பிரிவில் விட்டால், குற்றவாளி என்று பதிவாகிவிட்டது, தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணை. 173A பிரிவில் விட்டால், குற்றம் நிரூபணமானாலும் பதிவு செய்யாமல் விடுகிறார்கள். வேலைப் படிவம் நிரப்பும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். உங்கள் தோழரிடம் எந்தப் பிரிவு என்று பார்க்கச் சொல்லுங்கள்.

செந்தூல்காரரே, உங்கள் படிவக் கேள்விக்கு வருகிறேன். கேள்வியை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். ‘தண்டனை பெற்றதுண்டா’ என்று கேட்டால் பதில் இல்லை என்பதுதான், தயங்க வேண்டாம். ‘குற்றம் சாட்டப்பட்டதுண்டா’ என்று கேட்டால் ஆம் என்று எழுதி, 254-வது பிரிவின்படி நிறுத்தப்பட்டது, விடுவிக்கப்பட்டேன் என்று தேதியோடு எழுதி, உத்தரவு நகலை இணையுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் அதுவே தனிப் பிரச்சினை ஆகும். ‘இப்போது வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்றால், இல்லை.

செந்தூல்காரன்:

படிவத்தில் ‘தண்டனை’ என்றுதான் கேட்டிருக்கிறது சார். பார்த்துவிட்டேன். அக்காவிடமும் விஷயத்தைச் சொன்னேன். முதலில் பயந்தாள், பிறகு இப்போதாவது தெரிந்ததே என்றாள். இனி முழு விடுதலை வாங்க என்ன செய்ய வேண்டும்?

கேஎல் வழக்கறிஞர்:

சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு ரெப்ரசென்டேஷன் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். வழக்கின் விவரம், நிறுத்திய தேதி, சாட்சி கிடைக்காத நிலை, அதன் பின் எந்த நடவடிக்கையும் இல்லை என்பது, ஆகவே இனி தொடரப் போவதில்லை என்று உறுதி செய்யவும் முழு விடுதலைக்கு ஒப்புக்கொள்ளவும் கேட்பது. இதை வழக்கறிஞர் எழுதுவதுதான் நல்லது. உங்கள் லாயர் போனை எடுக்கவில்லை என்றால் வேறொருவரைப் பாருங்கள், கோப்பைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் இல்லாதவர்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை, அதாவது யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆனை அணுகலாம். 2012 ஏப்ரலிலிருந்து செயல்படுகிறது, கைதான நாளிலிருந்தே வழக்கறிஞர் கிடைப்பார்.

இனி யாருக்காவது இது நடந்தால், கோர்ட் படி இறங்கும் முன் லாயரிடம் கேளுங்கள்: ‘டிபெபாஸ்கானும் சேர்ந்து வந்ததா?’ வரவில்லை என்றால், ‘கேட்டீர்களா, நீதிபதி என்ன காரணம் சொன்னார்?’ இதைக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கெப்போங் அம்மா:

ஒன்றே ஒன்று. ஜாமீனுக்கு என் பெயரில் வங்கிப் புத்தகம் திறந்து கோர்ட்டில் கொடுத்தேன். இன்னும் வாங்கவில்லை. கேஸ் மறுபடி வரலாம் என்பதால் அது அங்கேயே இருக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஜுருபாசா:

வேண்டியதில்லை அம்மா. குற்றச்சாட்டு இல்லாதபோது ஜாமீனும் இல்லை. உங்கள் ஐசி, ஜாமீன் ரசீது, உத்தரவு நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த நீதிமன்றத்தின் பதிவுக் கவுண்டருக்குப் போங்கள். ஜாமீன் எடுத்தவர் நீங்கள் என்பதால் நீங்களே நேரில் போக வேண்டும், மகனை மட்டும் அனுப்பாதீர்கள். புத்தகத்தோடு வங்கிக்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் வங்கியில் பணம் எடுக்க விட மாட்டார்கள். மகனின் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைத்திருந்தால் அதையும் அங்கேயே கேளுங்கள். காலையில் வழக்குகள் ஏறும் நேரத்தில் கவுண்டரில் கூட்டமாக இருக்கும், மதியம் இரண்டரைக்கு மேல் போங்கள்.